பத்து நாள் ஈரம்

"நேரா பிடிங்கோ. சாய்ஞ்சா வேர் கிழிஞ்சுடும்" என்றாள் ஸுப்ரியா.

சிவராமகிருஷ்ணன் நேராகத்தான் பிடித்திருந்தார். தொட்டியை உடைத்து வெளியே எடுத்த மூங்கில் புதர் அவருடைய இரண்டு கைகளுக்குள்ளும் அடங்கவில்லை. அவள் மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து, பழைய மர ரம்பத்தை வேர்க்கட்டின் நடுவில் வைத்து அறுத்துக்கொண்டிருந்தாள். ரம்பம் போய்வரும்போதெல்லாம் இலைகள் அவர் மூக்கில் உரசின.

குள்ள மூங்கில் அது. ஆறு வருஷத்துக்கு முன்னால் வைட்டிலாவில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, சாலையோர நர்சரியில் பார்த்து வாங்கி மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். அப்போது முழங்கால் உயரம். பிறகு இடுப்புயரம் வந்து நின்றுவிட்டது. மேலே போக மாட்டேன் என்று தீர்மானித்த செடி பக்கவாட்டில் பெருத்தது. வெயிலிலும் மழையிலும் இலை பச்சை மாறாது. போன மாதம் தொட்டியில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டதும், பிரித்து வைக்க வேண்டியதுதான் என்று ஸுப்ரியா சொல்லிவிட்டாள்.

கொச்சி மட்டாஞ்சேரியில் அவர்கள் வீட்டுக் கொல்லைக்கும் பின்சந்துக்கும் நடுவே வெறும் கம்பி வேலிதான். சந்தில் போகிறவர்கள் கொடியில் காயும் துணியை எண்ணிக்கொண்டே போவதாக அவளுக்கு வருஷக்கணக்கில் குறை. மசாலா கிடங்குப் பக்கம் திரியும் ஆடுகள் கம்பிக்குள் தலையை விட்டு எட்டிய வரைக்கும் மேய்ந்துவிட்டுப் போகும். வேலி நெடுக மூங்கில் வைத்தால் இரண்டுக்கும் தீர்வு. எட்டுச் செடி வேண்டும் என்று அளந்து, எட்டு இடத்தில் செங்கல் துண்டு வைத்திருந்தாள்.

புதர் இரண்டாயிற்று, நான்காயிற்று, எட்டாயிற்று. ஒவ்வொரு துண்டையும் அவள் திருப்பிப் பார்த்தாள். வேர்க்கிழங்கின் ஓரத்தில் வெள்ளையாகக் கூரான மொட்டு இருக்கிறதா என்று விரலால் தடவினாள். "மொட்டு இல்லாத துண்டு வெறும் விறகு, கேட்டேளா. நட்டுப் பிரயோஜனம் இல்லை." தண்டுகளைப் பாதியாக வெட்டினாள். அறுபட்ட வேரால் அத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுத்து மாளாது. தென்னை நார்த்தூள், மணல், மக்கின சாணம் மூன்றையும் கலந்து பைகளில் கொட்டி, கிழங்கு மண்ணுக்குள் இரண்டு விரல் ஆழம் போகும்படி வைத்து, சப்போட்டா மர நிழலில் எட்டுப் பைகளையும் வரிசையாக நிறுத்தினாள்.

"இனிமே பத்து நாள். பத்து நாள் ஈரம் காயப்படாது. தாண்டிடுத்துன்னா வேர் பிடிச்சுடும். அப்பறம் நம்ம தயவு அதுக்கு வேண்டாம்."

"அதுக்குள்ள இடவப்பாதி மழை வந்துடும்."

"வந்தா நல்லது. வரலைன்னா நீங்க காலம்பற, நான் சாயந்திரம்." அவள் எழுந்து இடுப்பை நிமிர்த்தினாள். "சாயா போடட்டா?"

"அரை கிளாஸ் மதி, போறும்."

அவர் ரம்பத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. அது கொதித்துக்கொண்டே இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தபோது அடுப்புக்கும் கழுவுதொட்டிக்கும் நடுவில் ஸுப்ரியா ஒருக்களித்துக் கிடந்தாள். கை கழுவியிருந்தாள். நக இடுக்கில் மட்டும் மண் போகவில்லை.

ஆட்டோவிலேயே போய்விட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவளுக்கு அறுபத்தொரு வயது.

பிள்ளைகள் இல்லை. ஆகவே கர்மம் செய்ய வேண்டியவர் அவரேதான். அவருடைய அக்கா சீதாலக்ஷ்மி மறுநாள் காலை ரயிலில் பாலக்காட்டிலிருந்து வந்து வீட்டின் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். எழுபத்திரண்டு வயதிலும் அவள் வந்தால் சாமான்களெல்லாம் தானாக இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். சந்துக்கு எதிர்ப்புறம் லைன் வீட்டில் குடியிருக்கும் செல்லதுரை, கட்டட வேலைக்குச் சாரம் கட்டுகிறவன், இரண்டு பச்சை மூங்கிலைத் தோளில் சுமந்துவந்து வாசலில் போட்டான். அதில்தான் ஸுப்ரியா போனாள்.

எல்லாம் முடிந்து ஈர வேஷ்டியோடு திரும்பிய சிவராமகிருஷ்ணன் நேராகக் கொல்லைக்குப் போனார். பைகளில் மேல்மண் வெளுத்திருந்தது. குழாயைத் திறந்து கப்பில் தண்ணீர் பிடித்தார்.

"சிவா. கையை எடு."

அக்கா சமையலறை வாசலில் நின்றாள்.

"தண்ணி விடணும்க்கா. காயறது."

"தீட்டுக் கை பட்டா செடி கருகும். பத்து நாள் துளசிக்கே ஜலம் விடப்படாது. இதுக்கா விடப் போறே?"

"இது துளசி இல்லையே."

"இல்லைதான். மூங்கில். அதைவிட மோசம். ஆத்துல மூங்கில் வேண்டாம்னு அன்னைக்கே அவள்ட்ட தலைதலையா அடிச்சுண்டேன். அது எதுக்கு ஆகும்னு இன்னைக்குக் கண்ணால பார்த்தியோல்லியோ?"

அவர் கப்பைக் கீழே வைத்தார். வாதம் பண்ணுகிற நாளில்லை அது.

"மழை வரும்" என்றாள் அக்கா, சற்று இறங்கி. "அது நனைக்கட்டும். மழைக்குத் தீட்டு இல்லை."

மழை வரவில்லை. கடலில் எங்கேயோ தங்கிவிட்டது, இன்னும் ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்று பேப்பரில் போட்டிருந்தான். அவர் அந்தச் செய்தியை இரண்டு தடவை படித்தார். ஸுப்ரியா முழுப் புதரையும் அறுத்துவிட்டாள். தாய்ச்செடி என்று மிச்சம் வைக்கவில்லை. இருப்பதெல்லாம் அந்த எட்டுப் பைதான். அவை போனால் அவள் கை கடைசியாகச் செய்த வேலை எட்டுப் பை குப்பையாகிவிடும். அப்படி ஆக விடுவதில்லை என்று பேப்பரை மடித்துக்கொண்டே அவர் முடிவு செய்தார்.

வேலியருகே நின்று செல்லதுரையின் மனைவி சீனியம்மாளைக் கூப்பிட்டார்.

"சாமி?" கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும் அவள் பேச்சு மாறவில்லை.

"உனக்குத் தீட்டு இல்லையே. இந்தப் பைக்கெல்லாம் ரெண்டு வேளை தண்ணி விடணும். பத்து நாள்."

"இதுக்குப் போயா இம்புட்டுக் கேக்கிய? மாமிக்குச் செய்யமாட்டனா?"

மூன்று நாள் அவள் பக்கக் கதவு வழியாக வந்து தண்ணீர் விட்டுப் போனாள். யாரோ ஒரு பொம்மனாட்டி யாருக்கோ தண்ணீர் விடுகிறாள் என்கிற பாவனையில் அக்கா அந்தப் பக்கம் பார்க்காமலிருந்தாள்.

தினமும் காலையில் பிச்சுமணி சாஸ்திரிகள் ஸ்கூட்டரில் வருவார். கொல்லையில் சின்னக் குழி வெட்டி ஒரு கல்லை ஊன்றியிருந்தது. வஸ்திரத்தை மடித்து நனைத்து அந்தக் கல்மேல் பிழிய வேண்டும். பிறகு எள்ளும் தண்ணீரும், நாளுக்கொரு தடவை கூட்டி. எரிந்த சூட்டில் போன ஜீவனுக்குத் தாகம் எடுக்கும், அதற்காக என்று சாஸ்திரிகள் முதல் நாளே சொன்னார். கல்மேல் தண்ணீர் விழும்போதெல்லாம் பத்தடி தள்ளி இருந்த பைகள் பக்கம் சிவராமகிருஷ்ணன் கண் போகும்.

ஐந்தாம் நாள் காலை அக்கா மூக்கைச் சுளித்துக்கொண்டு கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றினாள். வேலியில் நின்றாள். மரத்தடிக்கு வந்தாள்.

"சிவா, இங்க வா. நேக்கு மட்டும்தான் தோணறதா, இல்லை நிஜமாவே மீன் நாறறதா?"

நிஜமாகவே நாறியது. மூன்று பைகள் கிழிந்து கிடந்தன. பூனைகள் பறித்துப்போட்ட மண் சிதறி, மூங்கில் துண்டுகள் வேர் தெரிய வெயிலில் மல்லாந்திருந்தன. இலைகள் ஊசிபோல் சுருண்டுவிட்டன.

அக்கா வேலியில் நின்று கூப்பிட்ட கூப்பாட்டில் சீனியம்மாள் ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"என்னத்தைடி ஊத்தினே?"

"சாளை கழுவுன தண்ணி மாமி. சத்து கெடைக்கட்டும்னு நேத்து சாயங்காலம் ஊத்துனேன்."

"சாளையா? ஈஸ்வரா. கர்மம் நடக்கிற எடத்துல, கல்லு ஊனின எடத்துல மீன் தண்ணியா? ஒரு பிராமணாளாத்துல வந்து இப்படிப் பண்ணலாமோன்னு தோணலையாடி உனக்கு?"

சீனியம்மாள் பயப்படவில்லை. ஆச்சரியப்பட்டாள்.

"எப்பவும் ஊத்துறதுதான மாமி. அவுக கேட்டு வாங்கித்தான ஊத்துவாவ."

"யாரு?"

"நம்ம மாமிதான். இந்த மூங்கி வந்த நாள்லேர்ந்து. நல்லாப் பச்சை குடுக்கும்னு. சாமி லைப்ரரிக்குப் போன பொறவு வேலிகிட்ட வந்து நிப்பாவ. நான் தனி வாளியில எடுத்துக் குடுப்பேன். ஊத்திட்டு மேல அடுப்புச் சாம்பலைத் தூவி மூடிருவாவ. வாடையும் வராது, பூனையும் அண்டாது. அந்தச் சாம்பலைத்தான் நான் மறந்துட்டேன்."

அக்கா மெதுவாகத் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள்.

"ஆறு வருஷம்" என்றாள். "வரச்சேயெல்லாம் அந்தத் தொட்டிப் பக்கத்துல நாற்காலி போட்டுண்டு சஹஸ்ரநாமம் சொல்லியிருக்கேன்."

சிவராமகிருஷ்ணனுக்குச் சிரிப்பு வந்தது. ஸுப்ரியா போன பிறகு முதல் தடவை. அடக்கப் பார்த்தார். முடியாமல் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். அது எப்போது சிரிப்பாக இல்லாமல் போயிற்று என்று அவருக்கே தெரியாது. இரண்டு பெண்களும் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முப்பத்தைந்து வருஷத்தில் ஸுப்ரியா அவரிடம் எதையும் ஒளித்ததாக அவர் நினைத்ததில்லை. இந்த ஒன்றை ஒளித்திருக்கிறாள், இந்தப் பச்சைக்காக. பத்து மணிக்கு அவர் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்து, வாளியும் சாம்பலுமாக வந்து நின்றிருக்கிறாள். அப்படி வளர்த்ததை ஐந்து நாள் காவல் காக்கத் துப்பில்லாமல் அவர் நின்றுகொண்டிருந்தார்.

அவர் வேஷ்டியை இடுக்கிக்கொண்டு மரத்தடியில் முட்டி போட்டார். மல்லாந்து கிடந்த ஒரு துண்டைக் கையில் எடுத்தார்.

"சிவா."

"தீட்டுக் கை பட்டா வாடும்னு சொல்றே. வாடலாம். ஆனா படாம விட்டா வாடறது நிச்சயம். நான் தொடறேன்க்கா."

"அவளுக்கு நல்ல கதி வேணும்னு நெனைப்பிருந்தா நீ..."

"இருக்கு. அதனாலதானே தெனம் கல்லுக்கு ஊத்தறேன். இதுக்கும் ஊத்தறேன்."

அந்த நேரம் பார்த்து சாஸ்திரிகள் வந்து சேர்ந்தார். கர்த்தா முழங்கை வரை மண்ணாக உட்கார்ந்திருப்பதையும், அக்கா முகம் சிவந்திருப்பதையும், வேலியோரம் நின்ற சீனியம்மாளையும் வரிசையாகப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்கோ" என்றாள் அக்கா. "தீட்டுல செடியைத் தொடலாமோ?"

"தொடப்படாது."

"கேட்டியா?"

"தொடப்படாதுன்னு பெரியவா சொல்லியிருக்கா. நானும் சொல்லியாச்சு" என்றார் பிச்சுமணி. பையிலிருந்து தர்ப்பையை எடுத்துக்கொண்டே தொடர்ந்தார். "அதுக்காக அவர் கையில விலங்கா மாட்ட முடியும்? ஸ்நானம் பண்ணிட்டு வாங்கோ. நாழியாறது."

அன்று பிற்பகல் சிவராமகிருஷ்ணன் எட்டுப் பைகளையும் பிரித்தார். மீன் தண்ணீர் ஊறிய மண்ணை வாரி எடுத்துத் தென்னையடியில் கொட்டினார். பழைய செடி அதைத் தின்று செழிக்கும், அறுத்த வேர் அழுகிப்போகும் என்று ஸுப்ரியா கத்தரிக்காய்க்கு ஏதோ உரம் வைத்தபோது சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. மிச்சமிருந்த நார்த்தூளையும் மணலையும் கலந்தார். அளவு தெரியவில்லை. அவள் கையில் பிடித்துப் பிழிந்து பார்ப்பாள். பிடி நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. இரண்டு தடவை சொட்டியது. மூன்றாவது தடவை நின்றது. கிழங்கை வைத்து இரண்டு விரல் ஆழம் பார்த்தார். அவர் விரல் அவள் விரலைவிடத் தடிமன் என்பதால் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். பைகளின்மேல் ஈரச்சாக்கைப் போர்த்தினார்.

மறுநாளிலிருந்து, கல்மேல் வஸ்திரம் பிழிந்து எள்ளுத் தண்ணீரும் விட்டு முடித்ததும், அதே வாளியோடு நேராகப் பைகளுக்குப் போனார். சாஸ்திரிகள் எதிரிலேயே. பிச்சுமணி தண்ணீர் தெறிக்காமல் தன் செருப்பை மட்டும் நகர்த்தி வைத்துக்கொண்டார். சாயந்திரம் இன்னொரு தடவை. சாயந்திரம் அவளுடைய முறை. அதையும் அவரே பார்த்தார்.

இலை கொட்டத் தொடங்கியது.

"பார்த்தியா?" என்பாள் அக்கா, கொல்லை பெருக்கும்போது குவியலைக் காட்டி. "நான் சொல்லலையா?"

"பார்த்தேன்."

"இன்னும் ஊத்தறே."

"இன்னும் ஊத்தறேன்."

எட்டாம் நாள் மதியம் அவர் சற்றுக் கண்ணயர்ந்து எழுந்தபோது கொல்லையில் சரசரவென்று சத்தம். ஜன்னல் வழியே பார்த்தார். வெயில் நகர்ந்து இரண்டு பைகள்மேல் விழுந்திருந்தது. அக்கா துடைப்பத்தின் பிடியால் அவற்றை ஒவ்வொன்றாக நிழலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வேறு கோத்திரத்துக்குப் போனவள். அவளுடைய தீட்டு எப்போதோ கழிந்துவிட்டது. கையாலேயே தூக்கி வைத்திருக்கலாம். மூங்கிலைத் தொட மனம் வரவில்லை போலும். தள்ளி முடித்துவிட்டுத் துடைப்பத்தைக் குழாயடியில் கழுவினாள். அவர் திரும்பவும் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

பத்தாம் நாள் கல்லைப் பிடுங்கிக் கொண்டுபோய் நீரில் போட்டார்கள். பதினோராம் நாள் விடிகாலையில் இடவப்பாதி இறங்கியது. கொல்லை முழுக்கத் தண்ணீர் நின்றது. பை அடியில் தேங்காமலிருக்க அவர் குடையைப் பிடித்துக்கொண்டு செங்கல்லில் ஏற்றி வைத்தார்.

பதிமூன்றாம் நாள் சுபமும் முடிந்து கிளம்புகிற அன்று அக்கா பெட்டியைப் பூட்டிவிட்டுச் சொன்னாள். "சிவா, சொல்றதைக் கேளு. அந்தப் பையெல்லாம் யாருக்காவது குடுத்துடு. தனியா இருக்கிறவன் கண்ணுல மூங்கில் எதுக்கு?"

"குடுக்கறதா இல்லை."

"பிடிவாதம். அப்பாவோட பிடிவாதம் அப்படியே இருக்கு உன்கிட்ட."

"உன்கிட்ட மட்டும் இல்லையாக்கும்."

"நேக்கு இருக்கறது பிடிவாதம் இல்லைடா, ஆசாரம்" என்றாள் அக்கா. ஆட்டோவில் ஏறியபின் தலையை நீட்டினாள். "அந்த வாளி, சாம்பல் விஷயம் எங்காத்துல யார்ட்டயும் சொல்லாதே. கேட்டியா?"

ஜூலை பாதியில் ஒரு நாள் அவர் மூட்டமில்லாத காலையாகப் பார்த்து எல்லாப் பைகளையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். ஐந்தில் தண்டுக்குப் பக்கத்தில் மண்ணைக் குத்திக்கொண்டு புது முளை வந்திருந்தது. மூன்றில் எதுவும் இல்லை. நகத்தால் தண்டைச் சுரண்டினார். பச்சை இல்லை. கிழங்கை எடுத்துக் கத்தியால் நறுக்கினார். வெள்ளையாக இருக்க வேண்டியது உள்ளே பழுப்பாக, பிசுபிசுவென்று இருந்தது. அவற்றில் இரண்டு பூனை பறித்தவை. இன்னொன்று நன்றாக இருந்த பை. அது ஏன் போயிற்று என்று தெரியவில்லை. தீட்டாக இருக்கலாம், அவர் பிழிந்து பார்த்த மண்ணாக இருக்கலாம். மூன்றையும் ஒரு மூலையில் போட்டார்.

வேலியோரம் ஸுப்ரியா வைத்த எட்டுச் செங்கல் துண்டுகளும் இருந்தன. முதல் துண்டை நகர்த்திவிட்டு மண்வெட்டியை எடுத்தார். சந்தில் சாரக்கயிற்றோடு போய்க்கொண்டிருந்த செல்லதுரை நின்றான்.

"அஞ்சுதானா தேறுச்சு, சாமி?"

"அஞ்சு."

"அப்பம் அந்தக் கல்லையெல்லாம் எடுத்துட்டுச் சமமாப் பிரிச்சு வையுங்க. வேலி பூரா அடைஞ்சிரும். நான் அளந்து தாறேன்."

"வேண்டாம் செல்லதுரை. எட்டு எடம்தான். மூணு காலியாக் கெடக்கட்டும். இது பெருத்ததும் இதுலேர்ந்து அறுத்து வைப்பேன்."

"பெருக்க எத்தனை வருசம் ஆவும்?"

"மூணு ஆகும். நாலும் ஆகலாம்."

செல்லதுரை வேலியைப் பார்த்தான், அவருடைய நரைத்த தாடியைப் பார்த்தான். "அதுவரைக்கும் ஆடு தலையை விடுமே."

"விடட்டும். துரத்தறேன்."

"சீனிகிட்டச் சொல்லி மீன் தண்ணி வாளி குடுத்துவிடட்டா?"

"இப்ப வேண்டாம். வேர் பிடிக்கட்டும். பிடிச்சப்பறம் நானே வந்து கேட்டு வாங்கிக்கறேன்" என்றார். "சாம்பலும் இருந்தா கொஞ்சம் எடுத்து வைக்கச் சொல்லு. நம்மாத்துல கேஸ் அடுப்புதான்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அப்படியானால் ஸுப்ரியா சாம்பலையும் அங்கிருந்துதான் வாங்கியிருக்கிறாள்.

செல்லதுரை சிரித்துக்கொண்டே போனான்.

அவர் வெட்டினார். மேல்மண் இளகியிருந்தது. கீழே கறுத்த மணல், கிளிஞ்சல் துண்டுகள், ஒரு பழைய ஓட்டுச்சில்லு. இரண்டு முழம் போனதும் குழியின் அடியில் தண்ணீர் ஊறியது. மட்டாஞ்சேரியில் எங்கே தோண்டினாலும் இரண்டு முழத்தில் தண்ணீர் வரும். வேர் அந்தத் தண்ணீரைத் தொடாதபடி பாதிக் குழியை மண் போட்டு மூடி மேடாக்கித்தான் வைக்க வேண்டும். அதற்கு முன்னால் அவர் குனிந்து விரலை நனைத்து, உப்பு ஏறியிருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்த்தார். கரித்தது.